பெட்டி பிரித்த பிறகு

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரமாக வரிசையிட்டிருக்கும் மீனவர் குப்பங்களும், மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சிறுசேரியும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இங்கே உருவாகும் தொழில்நுட்பம் குப்பத்துப் பள்ளிக்கும் வந்து சேர வேண்டும் என்று நாம் விரும்பியதில் பிழையில்லை. 2011இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. அவற்றோடு ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை. கணினி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு அதைக் கொடுப்பது நியாயம். ஆனால் எத்தனை கொடுத்தோம் என்பதைச் சட்டென்று சொல்லிவிடும் நாம், அதனால் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று கேட்டால் தயங்குகிறோம். நம் கணக்கில், பெட்டியைப் பிரித்த அன்றே திட்டம் வெற்றி பெற்றுவிடுகிறது.

அளந்து பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பெரு நாட்டில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியிலோ, பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து பாடத்தைத் தொடங்கும் மென்பொருளைக் கொண்டு மாலை வகுப்பு நடத்தியபோது, நாலரை மாதத்தில் கணக்கும் இந்தியும் தெளிவாக முன்னேறின. இரண்டு இடத்திலும் கணினிதான். பிள்ளையின் நிலையறிந்து பாடம் சொன்னதா என்பதில்தான் வேறுபாடு.

நம் அனுபவமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. கொரோனா காலத்துக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. அக்காலத்தில் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வொன்று, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் பின்னடைவில் மூன்றில் இரு பங்கு மீண்டதாகக் கண்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, இத்திட்டத்தில் பக்கத்து வீட்டுத் தன்னார்வலர்கள் நடத்திய மாலை வகுப்பால் வந்தது. பெரும்பங்கு, பள்ளி திறந்து ஆசிரியர் எதிரே நின்றதால் வந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. அதற்குத் திறப்பு விழா ஏதும் நடந்ததாக நினைவில்லை.

இதற்கிடையே அந்த ஆசிரியரின் நேரத்தையும் தொழில்நுட்பமே கேட்கிறது. பள்ளி விவரங்களைத் திரட்டும் அரசு இணையதளமான எமிஸில் பதிவேற்ற வேண்டியவை பாடவேளையைத் தின்கின்றன என்பது ஆசிரியர்களின் நெடுநாள் முறையீடு. கற்பிப்பதற்கு உதவ வந்தது கற்பிப்பதைக் குறைக்குமானால், அந்த இழப்பையும் கணக்கில் சேர்ப்பதுதான் நேர்மை. எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் அரசு பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கட்டும். ஓராண்டு கழித்து மறுபடி சோதிக்கட்டும். முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடட்டும். பொதுப்பணத்தில் வாங்கிய எதற்கும் இந்த அளவு கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.