நிலத்தடி நீர் யாருடையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர்த்தால், நமது ஆறுகளெல்லாம் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள்ளேயே ஓடுகின்றன. மாரி மழை அப்பாறைக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அதை இறைத்தே செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்தோம், அதையே குடித்தோம். வளவில் வெட்டிய கிணறும், அதன் கட்டும், துலாவும் ஒருவனுக்குச் சொந்தமாகலாம். நீரோ அயலவன் காணிக்கு அடியிலிருந்து வந்து, இன்னொருவன் காணிக்கு அடியிற் செல்வது.

சுன்னாகத்து மின் நிலையத்தின் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது இது கண்கூடாயிற்று. நிலையத்தின் இயக்கம் 2015இல் நீதிமன்றக் கட்டளையால் நின்றது. தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியது நோதேர்ண் பவர் நிறுவனமே என்று கண்டு, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியின்படி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது.

போர் முடிந்த மண்ணுக்கு மின்சாரம் வேண்டாமா என்று சிலர் கேட்டனர். வேண்டும். அவ்வெளிச்சத்தில் நாமும் படித்தோம், எழுதினோம். ஆயினும் குடாநாடு முழுவதற்கும் பயன்பட்ட ஒன்றின் கழிவை, சில கிராமங்களின் குடிநீர் மட்டும் ஏன் சுமக்கவேண்டும்? கழிவெண்ணெயை முறையாக அகற்றுவதற்குச் செலவுண்டு. அச்செலவை மிச்சம் பிடித்தவன் ஒருவன். போத்தலில் தண்ணீர் வாங்கி அதைத் தீர்த்தவள் இன்னொருத்தி. வளர்ச்சி என்னும் பெயர் இக்கணக்கை மறைத்துவிடுகிறது. இழப்பீடு நியாயமானதே, என்றாலும் பணம் வந்த நாளில் பாறை வெடிப்பிற் படிந்த எண்ணெய் போய்விடுவதில்லை. அதனால் முன்கூட்டியே காப்பது யார் கடமை என்பதே தலையாய கேள்வி. கண்காணிப்பதற்கென்றே சம்பளம் பெறும் அரச அமைப்புகள் இங்கே இருந்தன.

இன்னொன்றையும் சொல்லாமலிருக்க இயலாது. நமது ஊர்கள் கிணற்றைக் காத்ததில்லை என்று எவரும் கூற முடியாது. தலைமுறை தலைமுறையாகக் காத்தன, மனிதரிடமிருந்து. ஒடுக்கப்பட்ட சாதியார் வாளியைத் தொட்டால் தீட்டு என்று கட்டுக்கு வெளியே நிறுத்தி, பிறர் ஊற்றும்வரை குடத்துடன் காக்கவைத்தோம். அந்நாளிலும் வெடிப்புகளின் வழியே ஒரே நீர்தான் இரு சாராருடைய நிலத்துக்கும் சென்றது. எண்ணெயும் அவ்வழியேதான் சென்றது. அதனைத் தடுக்க எந்த ஊர்ப் பெரியவரும் கிணற்றடியில் காவல் நிற்கவில்லை.