சூதும் அளவும்

உலகத்துப் பொருள்களுள் அளவறிந்து கொள்ளத்தக்கன சில. முழுவதும் விலக்கத்தக்கன சில. உப்பு அளவோடு கொள்ளப்படும். பொய்ச்சான்று அளவோடும் சொல்லப்படாது. சூது இவ்விரண்டனுள் எவ்வகையைச் சேர்ந்தது என்னும் வினா பழையதாயினும், இக்காலத்தில் அது புதியதோர் உருவெடுத்து நம் வீட்டினுள்ளே வந்து நிற்கின்றது. 1889ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட சூதாட்டக் கட்டளைச் சட்டம் பலர் கூடிச் சூதாடும் இடத்தைப் பெரிதும் நோக்கியது. அக்காலத்திற் சூதாட விரும்பியவன் ஓரிடத்துக்குப் போதல் வேண்டும்; போங்கால் நாலுபேர் கண்ணிற் படுதலும் வேண்டும். இன்றோ கைத்தொலைபேசியும் வங்கியட்டையும் உடையவன், படுக்கையிற் கிடந்தபடியே, நள்ளிரவிலும், பக்கத்திலிருக்கும் மனைவியும் அறியாவண்ணம் இணையத்தின் வழியாகச் சூதாடலாம். இடமென்னும் வேலியும் காலமென்னும் வேலியும் பிறர் கண்ணென்னும் வேலியும் ஒருங்கே வீழ்ந்தன.

இவ்வாட்டத்தை நடத்துவோர், “பொறுப்போடு ஆடுக, அளவோடு ஆடுக” என்று தாமே அறிவுரையுங் கூறுகின்றனர். அளவோடு சூதாடுதல் கூடுமா? கூடுமாயின் அவ்வளவை வைப்பவர் யார்? அளவு கடந்தமையை எதனால் அறிவது? இவை மூன்றும் ஈண்டு ஆராயப்படும். பிள்ளைகளும் பெற்றோரும் இவற்றை உபாத்தியாயரிடத்து வினாவுங் காலம் வந்துவிட்டமையின், நாம் இவற்றைத் தெளிந்திருத்தல் கடனாம்.

முதற்கண் கணிதத்தால் நோக்குவாம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள. ஓரெண்ணின்மேல் ஒரு ரூபா வைத்தவனுக்கு, அவ்வெண் விழுந்தால், 35 ரூபா ஊதியமாகக் கொடுக்கப்படும். நடுநிலையான ஆட்டமாயின் 36 கொடுக்கப்படல் வேண்டும். அவ்வொரு ரூபாக் குறைவே நடத்துவோனுடைய வருவாய். இணையத்துச் சக்கரப்பொறி ஆட்டங்களுள் பல, பணயமாக வைத்ததில் 100க்கு 96 திரும்பும் என்று அறிவிக்கின்றன. அதைக் கேட்பவன், “100 ரூபாவோடு புகுந்தால் 4 ரூபாவே போகும், ஒரு படம் பார்க்கும் செலவினுங் குறைவு” என்று எண்ணுகின்றான். அஃது அன்று. நட்டம் கொண்டுசென்ற பணத்தின்மேல் ஒருமுறை மாத்திரம் விழுவதன்று, வைக்குந்தோறும் விழுவது. 100 ரூபாவையும், திரும்பியது முழுவதையும் மீட்டும் மீட்டும் வைத்து 25 முறை ஆடினால், சராசரியாக எஞ்சுவது 36 ரூபா. 50 முறை ஆடினால் 13 ரூபா.

இனி வேகத்தை நோக்குக. பிரித்தானியாவில் 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், இணையச் சக்கரப்பொறி ஒருமுறை சுழன்றபின் அடுத்த சுழற்சிக்கு 2.5 வினாடியேனும் செல்லவேண்டும் என்று விதிக்கப்பட்டது. இங்ஙனம் மெதுவாக்கப்பட்ட பின்னரும் ஒரு மணி நேரத்தில் 1,440 முறை சுழற்றலாம். முறையொன்றுக்கு 100 ரூபா வைப்பவன் அவ்வொரு மணி நேரத்தில் 144,000 ரூபாவைப் பணயமாக வைத்தவனாவான். அதில் 100க்கு 4 வீதம் 5,760 ரூபா. லொத்தர்ச் சீட்டு வாங்கியவன் முடிவறிதற்குச் சிலபொழுதாவது காத்திருக்கின்றான். அச்சீட்டுப் புகழத்தக்கது என்று சொல்ல வந்தோமல்லேம். அக்காத்திருப்புத் தானும் ஒரு வேலியென்பதே கருத்து. இணையச் சூதில் ஒரு முடிவுக்கும் அடுத்த பணயத்துக்கும் இடையே ஒருவன் தன்னைத் தான் வினாவுதற்கு இடமில்லை.

“இக்கணக்கை அறிந்தவன் அளவு கடவானன்றோ?” எனின், அறிவு மாத்திரம் காவாது என்க. அமெரிக்க உளவியலறிஞராகிய ஸ்கின்னர், பறவை முதலியவற்றை வைத்துச் செய்த சோதனைகளால் ஒன்று காட்டினர். கொத்துந்தோறும் இரை கிடைக்கப்பெற்ற பறவை, இரை நின்றவுடன் விரைவிற் கொத்துதலை ஒழிக்கும். எப்போது கிடைக்கும் என்று அறியப்படாதவாறு இடையிடையே இரை பெற்ற பறவையோ, இரை நின்றபின்னும் நெடுநேரம் ஓயாது கொத்தும். சூதின் ஊதியம் இவ்விரண்டாம் வகையது. அன்றியும், மூன்று படங்களில் இரண்டு ஒத்து மூன்றாவது ஓர் இழையில் தவறுமாயின், ஆடுபவன் அதனைத் தோல்வியென்று கொள்ளான். “வெற்றி அண்மையில் வந்தது” என்று கொள்வான். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மொண்டி கார்லோவில் ரூலெட் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பிலே விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று மேன்மேலும் சிவப்பில் வைத்தோர் பெரும்பொருள் இழந்தனர். முன்விழுந்ததைப் பந்து நினைவில் வைத்திராது என்பதை அவர் அறியாரல்லர்; ஆடும் பொழுதில் அவ்வறிவு அவர்க்குப் பயன்படவில்லை.

சூதின் தனித்தன்மை இதுவேயாம். ஏனைய பொருள்களை வாங்குவோனுடைய அறிவு பொருளுக்குப் புறத்தே நின்று அதனை அளக்கும். துணி வாங்குபவன் முழக்கோலைக் கையில் வைத்திருக்கின்றான். துணி முழக்கோலைத் தின்னாது. சூதிலோ முழக்கோலே தின்னப்படுகின்றது. “இதுவரை போதும்” என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய அறிவே ஆட்டத்தின் கைக்கூலியை வாங்கிவிடுகின்றது.

தருமபுத்திரர் அறத்தை அறியாதவரல்லர். வியாச பாரதத்தின்படி, முதற்சூதில் நாடும் தம்பியரும் தாமும் மனைவியும் பணயமாய்ப் போனபின், திருதராட்டிரன் யாவற்றையும் திரும்பக் கொடுத்துவிட்டான். இழந்ததெல்லாம் மீண்டு வந்த ஒருவருக்கு அதனினும் தெளிவான படிப்பினை வேறில்லை. அங்ஙனமிருந்தும், ஊருக்கு மீளும் வழியில் மறுபடி அழைக்கப்பட்டவுடன் அவர் திரும்பிச் சென்று இரண்டாம் முறையும் ஆடினர். வனவாசம் அதனால் வந்தது. அறமறிந்தவர் வீழ்ந்தார் என்பதினும், வீழ்ந்து எழுந்தவர் மீட்டும் சென்றார் என்பதே உபாத்தியாயர் சிந்திக்கவேண்டிய இடம்.

“திறமையால் ஆடும் ஆட்டம் சூதாகாது” என்பாரும் உளர். தமிழ்நாட்டில், இணைய ரம்மியிற் பொருளிழந்து கடன்பட்டோர் சிலர் உயிர் மாய்த்த செய்திகள் வெளிவந்தபின், 2022ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது, தடைச்சட்டமும் பிறந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்களாதலின் அவற்றை அதிட்டத்தின்பாற்பட்டனவாக வைத்து விலக்கிய பகுதி செல்லாது என்று தீர்த்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமை அதிட்டம் என்னும் பேதம் நோக்காது, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை விலக்கிச் சட்டம் இயற்றிற்று. சட்ட நுணுக்கம் நீதிபதிகளுக்குரியது. அறநெறியால் நோக்குமிடத்துத் திறமையென்னும் பெயர் ஆபத்தைக் குறைப்பதன்று, பெருக்குவது. அதிட்டத்தால் தோற்றவன் ஒருநாள் அதிட்டத்தை வெறுத்தலுங் கூடும். திறமைக் குறைவால் தோற்றேன் என்று எண்ணுபவனோ, இன்னும் பயின்றால் வெல்வேன் என்று இரவு முழுவதும் ஆடுவான்.

ஆகவே முதலிரு வினாக்களுக்கும் விடை பெறப்பட்டது. சூதில் அளவு உண்டெனின், அது ஆட்டத்துக்குப் புறத்தே, ஆடுமுன்னர், ஆடுபவன் கைக்கு எட்டாதவாறு வைக்கப்பட்ட அளவே. ஆடும்போது வைக்கும் அளவு ஆட்டத்தின் ஒரு பகுதியாம். அரசுகளும் இதனை உணர்ந்தன. பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் கடனட்டையாற் சூதாடுதல் தடுக்கப்பட்டது. தன்னைத் தான் விலக்கிக்கொள்ள விரும்பும் ஒருவன் தன் பெயரை ஒருமுறை பதிந்தால், உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் அனைத்தும் அவனை உள்ளே விடலாகாது என்னும் ஏற்பாடும் அங்கு உண்டு. 2025ஆம் ஆண்டில், சக்கரப்பொறியின் ஒரு சுழற்சிக்கு 5 பவுணுக்கு மேலும், 18 முதல் 24 வயதுடையோர் 2 பவுணுக்கு மேலும் வைக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. ஆடுபவனுடைய தன்னடக்கமே போதுமாயின் இவ்விதிகள் வேண்டா.

இனி மூன்றாம் வினா. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒன்பது அடையாளங்கள் கூறப்பட்டன. வரவரப் பெருந்தொகை வைத்தாலன்றிக் கிளர்ச்சி உண்டாகாமை. குறைக்க முயலுங்கால் அமைதியின்மையும் சினமும் தோன்றல். விட முயன்று பலமுறை தவறுதல். எப்பொழுதும் அதே நினைவாயிருத்தல். துன்பமுற்றபோது சூதை நாடுதல். இழந்ததைப் பிடிக்க மறுநாளும் ஆடுதல். மறைத்துப் பொய் கூறுதல். உறவையோ தொழிலையோ கல்வியையோ இழத்தல் அல்லது இழக்கும் நிலையெய்துதல். கடன் தீர்க்கப் பிறர் பணத்தை எதிர்பார்த்தல் என்பன அவை. பன்னிரண்டு மாதத்தினுள் இவற்றுள் நான்கேனும் காணப்படின் நோயென்று பெயரிடப்படும். நான்கு வரும்வரை பார்ப்போம் என்று இருத்தல் பேதைமை. நான்கென்பது வைத்தியர் பெயரிடும் எல்லையேயன்றி ஒருவன் விழித்தெழும் எல்லையன்று.

இவ்வொன்பதனுள் முதற்கண் நோக்கத்தக்கது பொய்யேயாம். என்னை? அளவென்பது பிறருக்குச் சொல்லக்கூடியது. “இம்மாதம் இவ்வளவு வைத்தேன், இவ்வளவு போயிற்று” என்று மனைவியிடத்தும் தாயிடத்தும் ஒருவன் சொல்ல வல்லனாயின், அவன்பால் அளவு இன்னும் எஞ்சியுள்ளது. சொல்ல நாணி முதன்முறை மறைத்த அன்றே அளவு கடந்தது. தொகை சிறிதாயினும் ஆகுக. இது வைத்தியர் இல்லாத ஊரிலும், கணக்கறியாத வீட்டிலும் இட்டுப்பார்க்கத்தக்க உரைகல்.

“நோயெனின் குற்றமில்லை, குற்றமெனின் நோயன்று” என்று சிலர் மயங்குவர். திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும், சூதை 94ஆம் அதிகாரமாகவும், மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தனர். ஒருபுறம் மயக்கும் கள்ளும் மறுபுறம் நோய் தீர்க்கும் மருந்தும் நிற்க, இடையே சூது நிற்கின்றது. மேற்கூறிய அமெரிக்க நூலும் 2013ஆம் ஆண்டிலே சூதுநோயை மது முதலியவற்றுக்கு அடிமையாகும் நோய்களோடு ஒருங்கு வைத்தது. 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப்பட்டியலும், பெரும்பாலும் இணையவழி நிகழும் சூதுநோய்க்குத் தனியிடங் கொடுத்துள்ளது. பழியும் மருந்தும் பகையல்ல. முதற்பணயம் வைத்தவன் தன் செயலுக்கு உரியவனே. நூறாவது பணயத்தில் அவனுக்கு வேண்டுவது வசையன்று, கை கொடுப்பார் ஒருவர். அன்றியும், அவன் எளிதில் விடாவண்ணம் பொறியைச் சமைத்தவனுக்கும் அப்பழியிற் பங்குண்டு. பழி முழுவதையும் ஆடினவன் தலையிற் சுமத்தல் நீதியன்று.

குடும்பத்தார் செய்யவேண்டுவது யாது? பாரதத்து நளன் கதையில், கணவன் சூதினின்றும் மீளானென்று கண்ட தமயந்தி, அழுதுகொண்டு வாளாவிருந்திலள். தன் மக்கள் இருவரையுந் தேரேற்றித் தந்தை வீட்டுக்கு அனுப்பினள். காக்கக்கூடியதை முதலிற் காத்தல் வன்னெஞ்சன்று. சம்பளம் வந்தவுடன் வீட்டுச் செலவைப் பிரித்து வேறொருவர் கையிற் கொடுத்தல், வங்கியட்டையை அவனிடமிருந்து வாங்கிவைத்தல், கடனை மறைவில் மீட்டும் மீட்டும் தீர்க்காமை, வைத்தியரிடம் கொண்டுசெல்லல் என்பன செய்யத்தக்கன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உதவி நாடலாம். உயிரை வெறுத்துப் பேசுபவனைத் தனியே விடுதல் ஒருகாலும் ஆகாது.

உபாத்தியாயர்கள் செய்யவேண்டுவன மூன்று. மேலே காட்டிய கணக்கை நூற்றுவீதப் பாடத்திற் பிள்ளைகளே செய்து காணும்படி கொடுத்தல் ஒன்று. வெறுங் கண்டனத்தினும் அது நெடுநாள் நிற்கும். பணங்கொடுத்து மூடிய பெட்டியை வாங்கி உள்ளே யாதென்று பார்க்கும் பிள்ளைகளின் தொலைபேசி விளையாட்டுக்களைக் கவனித்தல் இரண்டாவது. 2018ஆம் ஆண்டிலே பெல்ஜிய அரசு அத்தகைய பெட்டிகளைச் சூதென்றே கொண்டது. மூன்றாவது நம் கையைத் தூய்மையாக வைத்தல். கட்டடநிதி முதலியவற்றுக்காக அதிட்டச் சீட்டுப் புத்தகத்தைப் பிள்ளை கையிற் கொடுத்து விற்பிக்கும் வழக்கம் ஒரு பாடசாலையில் இருக்குமாயின், அப்பாடசாலையிற் சூதைக் கடிந்து பேசும் உபாத்தியாயர் சொல்லை யார் கேட்பர்? நன்கொடை வேண்டின் நன்கொடையென்றே கேட்போமாக.

மாணாக்கனொருவன் தான் இழந்ததை ஒருநாள் நம்மிடம் வந்து சொல்வானாயின், அவன் சொன்ன அப்பொழுதே மறைவென்னும் கதவு திறந்துவிட்டது. அப்பொழுது நாம் காட்டும் முகத்தைப் பொறுத்தே அக்கதவு திறந்திருத்தலும் மீட்டும் அடைபடுதலும் ஆகும். ஆதலின் முதலிற் கேட்டு, பின்னர்த் திருத்துவோமாக.