ஒரு போன், ரெண்டு நம்பர், ஒரு பொய்

ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு விஷயம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

என் போன்ல ரெண்டு நம்பர் இருக்கு. ஒண்ணு காலேஜ் முதல் வருஷத்துல வாங்கினது. சொந்தக்காரங்க, பழைய நண்பர்கள், துணிக்கடை பில் கவுன்டர், பைக் சர்வீஸ் எல்லார்கிட்டயும் இருக்கிறது அதுதான். இன்னொண்ணு வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுத்த இ-சிம். ஆபீஸ், பேங்க், அப்பா அம்மா, நெருங்கின நாலஞ்சு பேர், அவ்வளவுதான். ராத்திரி 9 மணி ஆனா பழைய சிம்மை மட்டும் ஆஃப் பண்ணிடுவேன். "லோன் வேணுமா சார்" கால்களிலிருந்து தப்பிக்க ஆரம்பிச்ச பழக்கம் அது.

ஒரு நாள் காலையில ஏழு மணிக்கு அந்த சிம்மை ஆன் பண்ணினேன். மிஸ்டு கால் அலர்ட் எஸ்.எம்.எஸ். வரிசையா வந்து விழுந்தது. முந்தின நாள் ராத்திரி ஒண்ணு, அப்புறம் 4:12, 4:20, 4:55... எல்லாமே தென்காசியில இருக்கிற என் சித்தப்பா. கண் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்திருக்கார். அவருக்குத் தெரிஞ்ச சென்னை கோயம்பேடுதான். தெற்கே இருந்து வர்ற பஸ் எல்லாம் இப்போ கிளாம்பாக்கத்துல நிக்குதுன்னு இறங்கின பிறகுதான் தெரிஞ்சிருக்கு. பட்டன் போன்ல எனக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு, அந்த நேரத்துல அண்ணனை எழுப்பிப் பயமுறுத்த வேண்டாம்னு அப்பாவையும் கூப்பிடாம, மூணு மணி நேரம் பஸ் ஸ்டாண்டுலயே உட்கார்ந்திருக்கார்.

நான் ஓடிப் போய் நின்னப்போ அவர் கோபமே படல. "என்னய்யா, ராத்திரி போனுல சார்ஜ் தீந்துட்டோ?" ன்னு கேட்டார்.

"ஆமா சித்தப்பா" ன்னு சொன்னேன்.

என்னை உறுத்துறது இந்த "ஆமா"தான். ஆனா பொய் அங்கதான் ஆரம்பிச்சுதா? "நீங்கள் அழைக்கும் எண் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" ன்னு ராத்திரி முழுக்க நெட்வொர்க் சொன்னதே, அது என்ன கணக்கு?

இன்ஜினியரா பார்த்தா அது உண்மை. அந்த சிம் நெட்வொர்க்ல பதிவாகி இல்ல, அதனால அந்தக் குரல் வந்தது. ஆனா சித்தப்பா காதுல விழுந்தது வேற. ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு நம்பர்னு வாழ்ற மனுஷனுக்கு அதோட அர்த்தம் "பையன் போன் அணைஞ்சு கிடக்கு" என்பதுதான். அதே நேரம் அந்த போன் என் தலைமாட்டுல, இன்னொரு நம்பரோட, முழு சார்ஜ்ல முழிச்சுக்கிட்டு இருந்தது. வாய்மை அதிகாரத்துல வள்ளுவர் உண்மையை நடந்ததோட ஒத்துப் பார்த்து அளக்கல, அந்தச் சொல்லால யாருக்கும் தீமை இல்லையான்னு அளக்கிறார். அந்த அளவுகோல்ல நெட்வொர்க்கோட உண்மை தேறாது.

என் ரூம்மேட் ஒத்துக்கல. "வீட்டுக்கு முன்வாசல் பின்வாசல் இல்லையா? எல்லாருக்கும் எல்லா நேரமும் கதவைத் திறந்து வைக்கணும்னு எந்த தர்மத்துல இருக்கு?" ன்னு கேட்டான். நியாயம்தான். நம்ம நாட்டுல ஒரு ஆள் பேர்ல 9 சிம் வரைக்கும் வெச்சுக்கலாம் (ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்கள்ல 6). முன்பின் தெரியாதவங்ககிட்ட நம்பர் குடுக்க வேண்டியிருக்கிற பொண்ணுங்களுக்கு ரெண்டாவது நம்பர் பாதுகாப்பு. பழைய பைக் விக்கிறவனுக்கும் அது தேவை. இதுல தப்பு சொல்ல நான் யாரு.

ஆனா வீட்டு வாசலுக்கு வர்றவங்க, கதவு பூட்டியிருக்கா, உள்ளே லைட் எரியுதான்னு பார்த்துக்குவாங்க. போன்ல அது தெரியாது. தன்கிட்ட இருக்கிறது எந்த வாசலோட சாவின்னே சித்தப்பாவுக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான் அவரை ஒதுக்கி வைக்கணும்னு நினைச்சதே இல்ல. புது நம்பர் எடுத்த அன்னைக்கு யாருக்கெல்லாம் அனுப்பணும்னு யோசிச்சேன், அந்தப் பட்டியல்ல அவர் பேர் ஞாபகம் வரல. வேணும்னே விட்டிருந்தாக்கூட ஒரு காரணம் சொல்லியிருப்பேன்.

எங்க அமெரிக்க கிளையன்ட் மேனேஜர் பாதி நேரம் போன் எடுக்க மாட்டார். வாய்ஸ்மெயில்தான். "இப்போ பேச முடியல, பீப் சத்தத்துக்கு அப்புறம் செய்தி சொல்லுங்க" ன்னு அவர் குரலே வரும். முதல் தடவை பீப் கேட்டதும் பதறி கட் பண்ணிட்டேன், மெஷின்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு. நம்ம ஊர்ல அது ஒட்டவே இல்ல. ஒரு காலத்துல மிஸ்டு கால் இலவசம், வாய்ஸ்மெயில் எடுத்தா கூப்பிட்டவனுக்குக் காசு போகும். ரெண்டு ரிங் விட்டா "கீழே வந்துட்டேன்" னு புரிஞ்சுக்கிற ஆளுங்க நாம. ஆனா ஒண்ணு, அந்த மேனேஜர் "எடுக்கல" ங்கிறதை மறைக்கல. நம்ம வார்த்தையை விட்டுட்டுப் போக ஒரு இடமும் வெச்சிருக்கார். எனக்கு வந்த மிஸ்டு கால் அலர்ட்ல நேரம் மட்டும்தான் இருந்தது. 4:20-க்கு சித்தப்பா என்ன சொல்ல வந்தார்னு அதுல இல்ல.

கால் ஃபார்வர்டிங் போட்டுடலாமான்னு யோசிச்சேன். பழைய சிம் ஆஃப்ல இருக்கும்போது வர்ற கால் புது நம்பருக்கு வந்துடும். ஆனா லோன்காரனும் சேர்ந்து வருவான். சித்தப்பா யாரு, லோன்காரன் யாருன்னு பிரிச்சு அனுப்ப நெட்வொர்க்குக்குத் தெரியாது. அந்த வேலையை நான்தான் பண்ணணும். நீங்களும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க, நம்ம குரூப்புல சேரும்போது உங்க எந்த நம்பரைக் குடுத்தீங்க?

போன ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பதினேழு பேருக்கு போன் போட்டேன். சித்தப்பாவுக்குத்தான் முதல்ல. அன்னைக்கு சார்ஜ் தீரல, ராத்திரி ஆனா அந்த நம்பரை நானேதான் அணைச்சு வைப்பேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, புது நம்பரைச் சொல்லு, காலண்டர்ல எழுதிக்கிடுதேன்" ன்னார். ஒவ்வொரு எண்ணா சொன்னேன். எழுதி முடிச்சுட்டுத் திருப்பிப் படிச்சுக் காட்டினார். ஒரு எண் தப்பு, அதைத் திருத்தினேன்.

"அப்போ பழைய நம்பரு?" ன்னு கேட்டார்.

"அது கடைக்காரங்களுக்கு சித்தப்பா."

"ஓ" ன்னார். அப்புறம் கண் ஆபரேஷன் தேதி என்னைக்குன்னு சொல்ல ஆரம்பிச்சார்.