"பொலி" என்று சொல்லும் வாய்

பொழுது புலர்ந்ததும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறும் தாய்மார், முதற் கொழுந்தில் கை வைக்கும் முன் "பொலி, பொலி" என்று சொல்வது மலையகத் தோட்டங்களின் பழைய வழக்கமாகும். பெருகட்டும் என்பதே அதன் பொருள். ஆயினும் வேண்டுதலைவிட நன்றியே அதில் மிகுதி. மழை பெய்திருக்கிறது, செடி துளிர்த்திருக்கிறது, ஏறி வரக் காலில் வலு இருக்கிறது. ஆலயத்தில் நடைபெறும் அர்ச்சனைக்கு இது குறைந்த வழிபாடு அன்று.

ஆனால் துளிர்க்க வைத்த மழையே மலையைச் சரித்தால்? பண்டாரவளைக்கு அப்பால், கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். அவர்களுள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. "ஆண்டவன் பிள்ளைகளைக் காத்தான்" என்று சொல்வது எளிது. அப்படியாயின் மண்ணுக்குள் போனவர்களை அவன் கைவிட்டானா? அவர்களும் அதே தெய்வத்துக்கு விளக்கேற்றியவர்கள்தாம். தப்பியவர் பக்தி உள்ளவர், மாண்டவர் பக்தி குறைந்தவர் என்று சொல்ல எந்த நாவுக்கும் துணிவு வரலாகாது. அயலவர் துயரத்துக்கு வினைக்கணக்குப் பார்ப்பது சைவம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மனிதர் செய்யாது விட்டதை இறைவன் தலையில் ஏற்றுவதும் பிழையே.

கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் சுவாமிகள் கரையேறிய வரலாறு எல்லோரும் அறிந்தது. கல் மிதந்ததைப் பெரிதாகப் பேசுவோர், கல் மிதக்கும் என்று தெரியாமலே அவர் துதித்தார் என்பதை மறந்துவிடுகின்றனர். சுந்தரமூர்த்தி சுவாமிகளோ வேறு விதம். பார்வை இழந்தபோது, தம் பிழையும் உணர்ந்தவராய், தோழனிடம் சண்டை பிடிப்பது போல் இறைவனிடம் முறையிட்டார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது வரலாறு. அந்த முறையீட்டுப் பதிகங்களும் திருமுறையிலேதான் வைக்கப்பட்டுள்ளன. கோபித்துப் பாடியது என்று யாரும் நீக்கிவிடவில்லை. கேட்பான் என்ற நம்பிக்கை இல்லாதவன் சண்டை பிடிப்பானா?

2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன, உயிர்கள் போயின. மழை விட்ட பின் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போன தாய்மாரின் வாயில் "பொலி" வந்ததோ, வராமல் தொண்டையிலேயே நின்றதோ, அம்மனுக்குத்தான் தெரியும். இரண்டையும் அவள் கேட்டிருப்பாள்.