யார் பட்ட கடன்

‘கற்றல் இழப்பு’ என்றொரு சொற்சேர்க்கை 2020க்குப் பிறகு நம்மிடையே புழக்கத்துக்கு வந்துவிட்டது. குழந்தை எதையோ கைதவறிப் போட்டுவிட்டதுபோல ஒரு தொனி இதில் இருக்கிறது. கொரோனா குழந்தைகளை அதிகம் கொல்லவில்லை, முதியவர்களையே கொன்றது. ஆனாலும் 2020 மார்ச்சில் மூடிய தமிழகத்தின் ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. தொற்று வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் நம் உயிருக்காக அவர்கள் கொடுத்ததற்கு அவர்களுடைய குறை என்று பெயர் வைப்பது, கடன் வாங்கியவன் கொடுத்தவனைப் பார்த்து ‘பாவம், உன் கையில் காசில்லையே’ என்று அனுதாபப்படுகிற காரியம்.

‘வீட்டிலிரு’ என்ற கட்டளைக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட வகை வீடு இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவது வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலையல்ல. வெயில் ஏறுமுன் தாயும் தகப்பனும் பாத்திக்குப் போய்விட்டால் வீடு என்பது கூரையும் குழந்தையும்தான். பாடம் கல்வித் தொலைக்காட்சியில் வந்தது, செல்போனில் வந்தது; இருக்கிற ஒரு போனும் வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். பள்ளியில் போட்ட சத்துணவு அரிசியாகவும் பருப்பாகவும் வீடு வந்தது. சோறு குழந்தைக்கு, அரிசி குடும்பத்துக்கு. இந்த வித்தியாசம் கணக்குப் புத்தகத்தில் தெரியாது.

2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தது இந்தக் கரையில்தான், மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பலன் இருந்தது. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளி திறந்து ஆறேழு மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் திருப்பிக் கட்டியது யார்? பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு.

இந்தக் கணக்கும் சிறு பிள்ளைகளுடையது. ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய சமயத்தில் பாத்திக்கோ படகுக்கோ கூலிக்குப் போய்விட்ட பையனுக்கு மாலை வகுப்பும் கிடையாது. மழையில் மூழ்கிய பாத்தியை மழை ஓய்ந்ததும் மறுபடி மிதித்துக் கட்டிக்கொள்கிறார்கள். கூலிக்காசு பழகிய பையனை மறுபடி பெஞ்சில் உட்கார வை என்று அவன் தாயிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அவனிடம் வாங்கியதை எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம்?