இடிந்த கோட்டையும் இடியாத மதிலும்



தோன்றிய பொருள்கள் யாவும் அழியும் தன்மையன என்று ததாகதர் அருளிய உண்மையை நாம் ஒவ்வோர் உபோசத நாளிலும் செவியால் கேட்கின்றோம். செவியால் கேட்டதனைக் கண்ணாலும் காண விரும்புவோர் சென்று நிற்கத்தக்க இடம் ஒன்று உண்டு. மராட்டிய மாநிலத்தில், முன்னர் ஔரங்காபாத் என வழங்கி இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் பெற்றிருக்கும் நகரிலிருந்து எல்லோராவுக்குச் செல்லும் சாலையில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் தேவகிரிக் கோட்டையே அவ்விடம். தௌலதாபாத் என்பது அதன் பிற்காலப் பெயர். எல்லோராவின் 34 குடைவரைகளுள் முதற் பன்னிரண்டும் பௌத்த சங்கத்தாருக்கு உரியனவாய் இருந்தவை. அவற்றை வணங்கச் செல்லும் நம்மவர் இடைவழியில் இக்கோட்டையையும் கண்டு செல்கின்றனர். அங்ஙனம் நாம் கண்டதும், கண்டதனால் எண்ணியதும் இன்றைய அறவுரையின் பொருளாகும்.

சமவெளியின் நடுவே கூம்பு வடிவாய் ஏறத்தாழ 200 மீட்டர் உயரம் எழுந்து நிற்பது அம்மலை. அதன் அடிப்பகுதியை எவரும் பற்றி ஏறவியலாதவாறு செங்குத்தாகச் செதுக்கி வைத்திருக்கின்றனர். அடியைச் சுற்றிப் பாறையிலேயே அகழி வெட்டப்பட்டுள்ளது. அகழியைக் கடக்க ஒடுங்கிய பாலம் ஒன்று. கடந்தபின் மலையின் வயிற்றுக்குள் இருள் சூழ்ந்த சுரங்கப்பாதை ஒன்று. பகைவன் உள்ளே புகுந்தாலும் வழி தெரியாது தடுமாறி மடியட்டும் என்பதே அதனை அமைத்தோர் கருத்து. இவற்றுக்கெல்லாம் புறத்தே, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவரும் மதில்கள். இதனை வெல்வார் இல்லை என்று அக்காலத்தார் எண்ணியதில் வியப்பில்லை.

ஆயினும் நடந்தது என்ன? யாதவ மன்னர் ஐந்தாம் பில்லமர் 1187-ஆம் ஆண்டை ஒட்டி இதனைத் தலைநகராக்கினார். 1296-இல் அலாவுதீன் கில்ஜி படையெடுத்து வந்தபோது அரசர் இராமச்சந்திரர் பணிந்து பெரும்பொருள் கொடுக்க நேர்ந்தது. 1327-இல் முகம்மது பின் துக்ளக் தில்லியின் மக்களை இங்குக் குடியேறச் செய்து, செல்வநகர் என்னும் பொருள்பட தௌலதாபாத் எனப் பெயரிட்டார். சில ஆண்டுகளிலேயே அம்முயற்சியைக் கைவிட்டார். பின்னர்ப் பாமினி சுல்தான்கள், அவர்க்குப்பின் அகமதுநகரத்து நிசாம் ஷாகிகள், 1633 முதல் முகலாயர், அவர்க்குப்பின் ஐதராபாத் நிசாம்கள் என இக்கோட்டை கைமாறிக்கொண்டே வந்தது. 1687-இல் கோல்கொண்டாவை இழந்த அபுல் ஹசன் குதுப் ஷா, தம் இறுதிநாள் வரை இங்குள்ள சீனி மகாலில் கைதியாகவே இருந்து மாண்டார். நேற்று ஒரு நாட்டுக்கு அரசர். இன்று ஓர் அறைக்குக் கைதி. நிலையாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்னும் ஒன்று கருதத்தக்கது. 1296-ஆம் ஆண்டின் முற்றுகையில் செங்குத்துப் பாறை சரியவில்லை. தானிய மூட்டைகள் எனக் கருதி உள்ளே கொண்டுசென்று அடுக்கியவை உப்பு மூட்டைகளாய் இருக்கக் கண்டு அரசர் மனம் தளர்ந்தார் என்பது வரலாற்றாசிரியர் கூறிவரும் செய்தி. 1633-ஆம் ஆண்டின் முற்றுகையிலும் உள்ளிருந்தோரைப் பசி வாட்டிற்று. புறத்தே வலிமை குறையாதிருக்க, அகத்தே இருந்த குறையே கோட்டையை வீழ்த்தியது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

பகவான் தம் இறுதிநாளில் குசிநாராவை அடைந்தபோது, இத்துணைச் சிறிய ஊரிலா பரிநிர்வாணம் எய்துவது என்று ஆனந்தர் வருந்தினார். அப்போது பகவான், இவ்வூரைச் சிறிதென இகழாதே என்று தடுத்து, முற்காலத்தில் இதுவே குசாவதி என்னும் பெருநகராய் ஏழு மதில்கள் சூழ விளங்கியதையும், மகாசுதர்சனர் என்னும் மன்னர் இதனை ஆண்டதையும் எடுத்துரைத்தார். எண்பத்து நாலாயிரம் நகரங்கள் அம்மன்னருக்கு இருந்தும், அவர் ஒருநேரத்தில் குடியிருந்தது ஒரு நகரிலேயே. எண்ணற்ற கட்டில்கள் இருந்தும் துயின்றது ஒரு கட்டிலிலேயே. அந்நகரும் மன்னரும் செல்வமும் எங்கே? யாவும் மறைந்தன. இவ்வாறு மறைவதைக் கண்டு பற்று நீங்குவதே அறிவு என்று பகவான் முடித்தருளினார். தேவகிரியின் உடைந்த மதிலருகே நிற்பவர்க்கும் இப்பாடமே கிடைக்கின்றது.

எனினும், நம்மனோர் இவ்விடத்தில் கற்கவேண்டிய பாடம் இவ்வளவில் முடிவதன்று.

1934-ஆம் ஆண்டில் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் தம் இயக்கத் தோழர் ஏறத்தாழ முப்பது பேருடன் எல்லோராக் குகைகளைக் காணப் புறப்பட்டார். வழியில் தௌலதாபாத்தை அடைந்தபோது மாலைப்பொழுது. அது ரம்ஜான் மாதம். நெடுந்தொலைவு வந்தமையால் அனைவர் உடலிலும் உடையிலும் புழுதி படிந்திருந்தது. கோட்டை வாயிலருகே நீர் நிரம்பிய சிறு குளம் ஒன்று இருந்தது. அதன் நீரைக் கொண்டு சிலர் முகமும் காலும் கழுவினர். பின்னர் வாயிலுக்குச் சென்று உள்ளே புகுவதற்கு உத்தரவு கேட்டு நின்றனர். அப்போது முதியவர் ஒருவர், தீண்டத்தகாதார் குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டனர் என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார். சிறிது நேரத்திற்குள் கூட்டம் திரண்டது, வசைமொழிகள் பெருகின. கலகமும் கொலையும் நேருமோ என்னும் நிலை உண்டாயிற்று. உங்கள் சமயம் போதிப்பது இதுதானா என்றும், தீண்டாதவன் ஒருவன் உங்கள் சமயத்திற்கு மாறினால் அவனையும் இக்குளத்து நீரைத் தொடாமல் தடுப்பீர்களா என்றும் பாபாசாகேப் வினவினார். அவ்வினா அவர்களை வாயடைக்கச் செய்தது. முடிவில் உள்ளே செல்ல அனுமதி கிடைத்தது. ஆனால் கோட்டைக்குள் எங்கும் நீரைத் தொடலாகாது என்பது நிபந்தனை. அதனைக் கண்காணிக்க ஆயுதம் ஏந்திய காவலன் ஒருவனும் உடன் அனுப்பப்பட்டான். பாபாசாகேப் தம் கைப்பட எழுதிவைத்த இச்செய்தி, ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறுநூலில் 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஒரு சமயத்தாரைத் தூற்றுவதற்காக நாம் இதனை எடுத்துரைக்கவில்லை. அதே நூலில் இந்துக்களிடத்தும் பார்சியரிடத்தும் தாம் பட்ட துன்பங்களையும் அவர் எழுதியுள்ளார். ஏழாண்டுகட்கு முன், 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் நீர் அருந்தியமைக்காக நம் மக்கள் அடிபட்டனர். சமயம் வேறு, ஊர் வேறு, மதில் ஒன்றே. பகையைப் பகையால் தணிக்கவியலாது என்பது நம் ஆசானின் திருவாக்கு. ஆகவே வெறுப்பை ஒதுக்கிவிட்டு, அம்மதிலின் இயல்பை ஆராய்வோம்.

சிந்தித்துப் பாருங்கள். பில்லமர் மறைந்தார், கில்ஜியும் துக்ளக்கும் மறைந்தனர், முகலாயர் ஆட்சியும் ஒழிந்தது. பீரங்கிகள் துருவேறிக் கிடக்கின்றன. கோட்டை பாழாகிக் கிடந்த காலத்திலும், அதன் வாயிலில் கண்ணுக்குப் புலனாகாத மதில் ஒன்று சிறிதும் சிதையாமல் நின்றது! கல்லால் ஆன மதில் இடிந்துபோக, கருத்தால் ஆன மதில் இடியாமல் நின்றது ஏன்? எல்லாம் நிலையற்றவை என்றால் சாதியும் தானே அழிந்தொழிந்திருக்க வேண்டுமே என்று சிலர் வினவக்கூடும்.

இவ்வினாவுக்கு விடை தம்மத்திலேயே உள்ளது. காரணம் உள்ளவரை காரியம் உண்டு. காரணம் அற்றால் காரியமும் அறும். கல்மதில் ஏன் இடிந்தது? அதனைப் பழுது பார்ப்பார் இல்லை. ஆதலால் வெயிலும் மழையும் ஆலம் வேரும் அதனைப் பிளந்தன. சாதியாகிய மதிலோ நாள்தோறும் பூசி மெழுகப்படுகின்றது. கல் மதிலுக்குக் கொற்றன் வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். இம்மதிலுக்கு ஒவ்வொருவனும் கூலியின்றி உழைக்கும் கொற்றன். எனவே இது தானாக விழுமென்று காத்திருப்பது நிலையாமையை உணர்ந்தவர் செயலன்று, சோம்பர் செயல். பூசுகின்ற கையை நிறுத்தினாலன்றி இது வீழாது.

அக்கைகளுள் நம்மவர் கைகளும் உளவோ? உபாசகரே, இதனைக் கேட்க மனம் கூசுகின்றது; ஆயினும் கேளாதிருத்தல் தகாது. திரிசரணம் ஏற்றுப் பஞ்சசீலம் கூறும் குடும்பங்களிலும், திருமணப் பேச்சு எழுந்தவுடன், ‘பூர்வீகம் எந்த ஊர்? எந்தத் தெரு? இன்னார்க்கு என்ன முறை?’ என்று சுற்றிவளைத்து உட்பிரிவை ஆராயும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. துப்புரவுத் தொழில் செய்யும் குடும்பத்தார் விகாரைக்கு வந்தால், வணக்கம் கூறி வரவேற்பவர் பலர். அவர் வீட்டில் ஒரு குவளை நீர் வாங்கிக் குடிப்பவர் எத்தனை பேர்? தௌலதாபாத்தின் குளத்தருகே கூவியவர் குரலுக்கும், நம் கூடத்தில் மெல்லிய குரலில் கேட்கப்படும் இவ்வினாவுக்கும் ஓசையில் வேற்றுமை உண்டு. பொருளில் வேற்றுமை இல்லை.

வடமொழிப் பௌத்த நூல்களில் வரும் ஆனந்தர் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். கிணற்றருகே நின்ற மாதங்கப் பெண்ணிடம் அவர் நீர் கேட்டார். தான் தாழ்ந்த குலத்தவள் என்று அவள் தயங்கினாள். தாம் கேட்டது நீரேயன்றிக் குலமன்று என்று ஆனந்தர் கூறி, வாங்கிப் பருகினார். கோட்டையும் இல்லை, காவலனும் இல்லை; ஒரு கை நீரில் அம்மதில் கரைந்தது. தம்மம் செய்யும் வேலை இதுவே.

அப்படியாயின் நமக்குக் கோட்டையே வேண்டாவோ? வேண்டும். எத்தகைய கோட்டை வேண்டும் என்பதைப் பகவானே அங்குத்தர நிகாயத்தில் நகர உவமையால் விளக்கியுள்ளார். எல்லைப்புற நகரம் ஒன்று ஏழு காப்புகளால் பகைவர்க்கு அரிதாகின்றது. ஆழ நட்ட தூண் போன்றது நம்பிக்கை. அகழி போன்றது தீமை செய்ய நாணும் நாணம். சுற்றுப்பாதை போன்றது தீவினைக்கு அஞ்சும் அச்சம். படைக்கலங்கள் போன்றது கேள்வியறிவு. படை போன்றது முயற்சி. வாயிற்காவலன் போன்றது விழிப்புணர்வு. மதில் போன்றது மெய்யறிவு. இவற்றோடு, உள்ளிருப்போர் பசியாதிருக்க நால்வகை உணவும் பண்டமும் வேண்டும். அவை நான்கு தியானங்கள்.

தேவகிரியின் உப்பு மூட்டைகளை இங்கே நினைவு கூருங்கள். விகாரைக் கட்டடம் எழுப்பினோம், கொடி ஏற்றினோம், பெயரை மாற்றினோம், இவை புறமதில்கள். உள்ளே தியானமும் கேள்வியும் இல்லையெனில், முற்றுகை வரும் நாளில் மூட்டையை அவிழ்த்து உப்பைத்தான் காண்போம். வறுமை முற்றுகையிடும், அவமானம் முற்றுகையிடும், பிள்ளைகளின் உள்ளத்தில் பழைய தாழ்வெண்ணம் முற்றுகையிடும். அந்நாளில் உண்ண உணவாவது நாம் நாள்தோறும் சேமித்த பயிற்சியே.

வாயிற்காவலனையும் எண்ணிப் பாருங்கள். தௌலதாபாத்தின் காவலன் நீரைக் காத்தான், மனிதன் தொடாமல். நம் காவலனாகிய விழிப்புணர்வு மனத்தைக் காக்கின்றது, இழிந்த எண்ணம் நுழையாமல். வருவது நல்லெண்ணமா தீயெண்ணமா என்பதே இவன் கேட்கும் கேள்வி. குலம் பார்க்கும் எண்ணம் வாயிலில் வந்து நிற்கும்போது, எத்துணைப் பழமையான உறவுமுறை கூறினாலும், அதனை உள்ளே விடாதிருப்பதே இவன் கடமை.

இறுதியாக ஒன்று. காட்டில் அலைந்த ஒருவன் முன்னோர் நடந்த பழம்பாதையைக் கண்டு, அதன் வழியே சென்று, மதிலும் சோலையும் குளமும் உடைய பாழ்நகரத்தைக் கண்டு, அரசனிடம் அறிவித்து மீண்டும் குடியேறச் செய்தான் என்பது சங்யுத்த நிகாயத்தில் வரும் உவமை. தாமும் அவ்வாறே பண்டைப் புத்தர்கள் நடந்த எண்வகை நெறியைக் கண்டெடுத்ததாகப் பகவான் அருளினார். தமிழகத்திலும் அந்நகர் பாழ்பட்டே கிடந்தது. இராசராச சோழன் காலத்தில் எழுந்த நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் சிதைந்தது. எஞ்சி நின்றதெனக் கருதப்பட்ட பழங்கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. ஆயினும் 1898-ஆம் ஆண்டில் பண்டித அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிப் பழம்பாதையை மீண்டும் காட்டினார். கோலார் தங்கவயல் வரை அப்பாதை நீண்டது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் இலக்கக்கணக்கான மக்களை அந்நகரில் குடியேற்றினார். அரசர் கட்டிய கோட்டைக்கு மீண்டும் குடிவருவார் இல்லை. அறத்தால் அமைந்த நகரமோ பாழானாலும் மீண்டும் குடியேறத்தக்கது. இதுவே இரண்டிற்கும் உள்ள வேற்றுமை.

ஆகவே, அன்பர்களே, எல்லோராவுக்குச் செல்வோர் தேவகிரியிலும் சற்றே இறங்குங்கள். பிள்ளைகளை உடனழைத்துச் சென்று, அரசர்களின் பெயர்களோடு 1934-ஆம் ஆண்டின் குளத்தையும் சொல்லிக் கொடுங்கள். வீடு திரும்பியபின், அடுத்த உபோசத நாளுக்குள், இதுவரை நீங்கள் நீர் வாங்கிப் பருகாத ஓர் இல்லத்திற்குச் சென்று ஒரு குவளை நீர் கேட்டுப் பருகுங்கள். பூசும் கை ஒன்று நின்றாலும் மதிலில் ஒரு விரிசல் உண்டாகும். மற்றதனைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

மும்மணிகளின் துணையால் அனைத்துயிரும் அச்சம் நீங்கி நலம் பெறுவனவாக!