அந்தக் காலம் யாருடையது?

அமெரிக்காவில் பழைய சரக்கு ரயில் எஞ்சின்களைப் படமெடுப்பதற்கென்றே தனி ரயில் விடுவது உண்டு. புகைப்படக்காரர்கள் காசு போட்டு எஞ்சினை வாடகைக்கு எடுப்பார்கள். பின்னால் காலி வேகன்கள். ரயில் ஒருமுறை கடந்துபோகும், பின்னோக்கி வந்து மறுபடி கடக்கும். கேமராவுக்காகக் கரும்புகை விடச் சொல்வார்கள். ஃபயர்மேனுக்குக் கரும்புகை என்றால் கரி சரியாக எரியவில்லை, வீணாகிறது என்று அர்த்தம். படத்துக்கு அதுதான் அழகு.

இது பொய்யில்லையா என்று கேட்கலாம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை எடுத்த புகழ்பெற்ற இரவுப் படங்கள் எல்லாமே திட்டமிட்டு, ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கட்டி எடுத்தவைதான். ஆனால் அவற்றில் ரயிலோடு மனிதர்களும் இருக்கிறார்கள். காரில் உட்கார்ந்து சினிமா பார்க்கும் ஜோடி, ஓடையில் குளிக்கும் பிள்ளைகள்.

என் கேள்வி வேற. மேரிலாந்தில் லூக் என்று ஒரு சின்ன ஊர். பொட்டோமாக் ஆற்றின் வடகிளைக் கரையில், 1888ல் தொடங்கிய காகித ஆலை. எதிர்க்கரையில் மேற்கு வர்ஜீனியாவின் பீட்மான்ட். மேற்கே போகும் சரக்கு ரயில்களுக்கு இங்கிருந்து 17 மைல் மலையேற்றம். முன்னால் திணறி ஏறும் எஞ்சின், பின்னால் ஆலையின் புகைபோக்கி. ரயில் பைத்தியங்களுக்கு வேறென்ன வேண்டும்? கந்தக வாடை படத்தில் வராது. 'அடடா, அந்தக் காலம்!' என்று பகிர்ந்துவிடலாம்.

அந்தக் காலம் யாருடையது? பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் ஜூனியர் பீட்மான்ட்டில் வளர்ந்தவர். அவருடைய அப்பா இந்த ஆலையில்தான் வேலை பார்த்தார். 1994ல் வந்த 'கலர்டு பீப்பிள்' என்ற நினைவுநூலில் கேட்ஸ் அதைச் சொல்கிறார். ஆலையில் கறுப்பின ஆண்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே வேலைதான்: சரக்கு மேடையில் நின்று காகிதத்தை லாரியில் ஏற்றுவது. மற்ற வேலைகள் அவர்களுக்குத் திறந்தது 1968ல்தான். ரயில் ரசிகர்கள் ஏங்கும் நீராவிக் காலம் முழுக்க அவர்கள் அந்த மேடையில்தான் நின்றார்கள்.

அதனால் அந்தப் படங்களை ரசிப்பது தப்பா? இல்லை. எஞ்சின் அழகுதான். கேட்ஸின் புத்தகமே அந்த ஊர் மீதான பிரியத்தில் எழுதப்பட்டதுதான். 2019ல் ஆலையை மூடியபோது 675 பேருக்கு வேலை போச்சு. அவர்களும் பழைய நாளை நினைத்து ஏங்கத்தான் செய்வார்கள். சம்பளமும் சக ஆட்களும் சேர்ந்த ஏக்கம் அது. கேட்ஸின் பிரியத்துக்குள் அந்தச் சரக்கு மேடையும் இருக்கு. நம்முடைய ஏக்கத்தில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு எதையும் இழக்காமலே ஏங்க முடியும்.

'எவ்வளவு அழகு' என்பது எஞ்சினைப் பற்றிய பேச்சு. 'எவ்வளவு நல்ல காலம்' என்பது மனிதர்களைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதைச் சொல்லப் படம் போதும். இரண்டாவதைச் சொல்வதற்கு முன்னால், மேடையில் நின்றவர்களிடம் கேட்டாக வேண்டும்.